கித்தான் பட்டையில் இரண்டரை அங்குலம்

தையல்காரம்மாவுக்கு டென்னிஸில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ஆடுகிறவர்கள் வெள்ளை உடுத்துவார்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் கொஞ்சம் கோணினாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. மற்றபடி அந்த ஆட்டத்தின் மேல் அவளுக்கு மரியாதை கிடையாது. பதினைந்து, முப்பது என்று ஒழுங்காக எண்ணிக்கொண்டு வந்தவன் அடுத்து நாற்பத்தைந்து என்று சொல்லாமல் நாற்பது என்கிறானே, அவனிடம் எதை நம்பி அளக்கக் கொடுப்பது என்பாள். நியாயமான கேள்விதான். இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவள் முப்பது வருடத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்பின் கம்பி வேலியை ஒட்டி ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, ஓரம் தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், உள்ளே ஆடுகிறவர் அவள் வீட்டுக்காரர் என்பதுதான் காரணம்.

அவரை எல்லோரும் முத்திரை சார் என்பார்கள். முப்பத்து நாலு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படியையும் லிட்டர் குவளையையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் பையில் போட்டுக் கட்டி, சீட்டு எழுதி, பக்கத்தில் நிற்கிறவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போய்விடுவார். தயவு தாட்சண்யம் என்ற பேச்சே இல்லை. தையல்காரம்மாவின் கூடப்பிறந்த தம்பி மளிகைக்கடை வைத்திருந்தான். ஒருநாள் அவன் தராசில் ஐம்பது கிராம் குறைந்தது.

"மாமா, நான்தான் மாமா" என்றான் அவன்.

"தெரியுது. பேரை முழுசாச் சொல்லு" என்று சீட்டை எழுத ஆரம்பித்தார் இவர்.

தம்பி அதற்கப்புறம் நாலு வருடம் அக்கா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. தையல்காரம்மா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். ஐம்பது கிராம் ஐம்பது கிராம்தான் என்று சொல்லிவிட்டு அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போய்விட்டார்.

கிளப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஹால், ஒரு செம்மண் கோர்ட், ஒரு செயலாளர். ஹாலில் வருடாந்திரக் கோப்பையை ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகை தொங்கும். நாற்பத்தாறு வயதிலிருந்து தொடர்ந்து பதினோரு வருடம் அதில் முத்திரை சாரின் பெயர்தான். பெயிண்டருக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஐம்பத்தேழாவது வயதில் அவர் தோற்றார். எதிரில் ஆடியவர் அப்போதுதான் ஊருக்கு வந்திருந்த பல் டாக்டர், முப்பத்தொரு வயது. கடைசிப் பந்து வலது ஓரத்தில் விழுந்தது. முத்திரை சார் ஓடினார், கையை நீட்டினார், எட்டவில்லை. வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் பார்த்தாள். முப்பது வருடம் அளவெடுத்த கண். டேப் வேண்டியதில்லை. மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் இரண்டரை அங்குலம்.

தோற்றவர் வீட்டுக்கு வந்து யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று வாரம் வீட்டைச் சோதனை போட்டார். பால்காரரின் குவளையில் இருபது மில்லி குறைவு என்று கண்டுபிடித்தார். பால்காரர் தெருவையே மாற்றிக்கொண்டு போனார். சுவர்க் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் பிந்துகிறது என்றார். தையல் மெஷின் மேஜை ஒரு பக்கம் அரை விரல் சாய்ந்திருக்கிறது என்றார். அரை வயிறு சாப்பிட்டார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வலது கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தம்பி விஷயத்தில் அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது. ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

நாலாவது வாரம் அவர் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு வருஷம். அடுத்த வருஷம் ஒரு பந்து எட்டலைன்னாலும் சரி, அன்னிக்கே நிறுத்திடுவேன். யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே தெரியும்."

இங்கே கித்தான் பட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செம்மண் கோர்ட்டில் கோடு நிற்காது. வாராவாரம் மண்ணை நனைத்து, உருளை ஓட்டி, சுண்ணாம்பால் புதுக் கோடு போட வேண்டும். அது கோர்ட்டுக்காரர் வேலை. கிளப்பில் முன்பு ஓர் இரும்பு டேப் இருந்தது. மழையில் துருப்பிடித்து ஒருநாள் ஒடிந்தது. புதிது வாங்குவதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார் செயலாளர். அந்தக் கூட்டம் இன்னும் நடக்கவில்லை. அதனால் தையல்காரம்மா நீளமாக ஒரு கித்தான் பட்டை தைத்துக் கொடுத்தாள். எந்தக் கோடு எங்கே வர வேண்டுமோ அங்கே சிவப்பு நூலில் ஓர் அடையாளம். வலையடியிலிருந்து பட்டையை நீட்டி, சிவப்பு வந்த இடத்தில் கோடு போட்டால் தீர்ந்தது. முத்திரை சாரே பக்கத்தில் நின்று அதைச் சரிபார்த்து, ஓரத்தில் மையால் கையெழுத்தும் போட்டார். அதற்குமேல் அந்தப் பட்டையைச் சந்தேகப்பட அந்த ஊரில் ஆள் கிடையாது, அவர் உட்பட.

வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அரித்துச் சிவப்பு நூல் போய்விடும். கோப்பைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் கோர்ட்டுக்காரர் பட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார். அந்த வருடமும் கொடுத்தார். அவள் மேஜையில் விரித்துப் போட்டு, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, நாலைந்து முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பிறகு எல்லா அடையாளத்தையும் இரண்டரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தாள்.

பெரிய திட்டம் எல்லாம் கிடையாது. பேன்ட் இறுக்கினால் பிரித்து விடுவதில்லையா, தொளதொளத்தால் பிடித்துத் தைப்பதில்லையா. ஆளுக்குத் தகுந்தபடி துணியை மாற்றித்தான் அவளுக்குப் பழக்கம்.

முத்திரை சார் அந்த வருடம் ஜெயித்தார். எல்லாப் பந்தும் எட்டியது. அடுத்த வருடப் போட்டிக்கு முன்னால் வேலிப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி அதே இடைவெளி, இம்மி பிசகாமல். பட்டை வந்தது. மறுபடி இரண்டரை. இப்படியே ஏழு வருடம், ஏழு கோப்பை. ஏழு தடவையும் கடைசி ஆட்டத்தில் தோற்றவர் பல் டாக்டர்தான். நடுவில் அறுபது வயதில் அரசாங்கம் அவரை ரிட்டையர் செய்தது. சொன்ன தேதிக்கு முத்திரையை ஒப்படைத்துவிட்டு, ஒருநாள் கூட அதிகமாக உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு வருடமும் கோப்பையை வாங்கிக்கொண்டு மைக்கில் தவறாமல் சொல்வார்: "பந்து எட்டாத அன்னிக்கு நானே போயிடுவேன்." எல்லாரும் கைதட்டுவார்கள். அவளும் தட்டுவாள்.

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லாரும் அதே கோர்ட்டில்தானே ஆடுகிறார்கள். கோர்ட்டுக்காரருக்குச் சுண்ணாம்பு மிச்சமானது. செயலாளர் அவருடைய சிக்கனத்தைக் கூட்டத்தில் பாராட்டலாம் என்றார், கூட்டம் நடந்தால்.

வம்பு வெளியூரிலிருந்து வந்தது. அந்த வருடம் பல் டாக்டரையும் சேர்த்து நாலு பேர் பக்கத்து ஊர்க் கிளப்போடு ஆடப் போனார்கள். நாலு பேரும் செம அடி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

"கோர்ட்டா சார் அது, விமான நிலையம்" என்றார் பல் டாக்டர். "மனுஷன் போக முடியாத இடத்துல பந்து விழுது, கோட்டுக்கு உள்ளேங்கறான்."

பயணம் ஒத்துக்கொள்ளாது என்று முத்திரை சார் வெளியூரில் ஆடுவதில்லை. ஆனால் இது அளவு சம்பந்தப்பட்ட குற்றம். ரிட்டையரானதிலிருந்து இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. நாலு பேரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கி, மாவட்ட டென்னிஸ் சங்கத்துக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினார். அந்தக் கிளப் அளவுக்கு மீறிய கோர்ட்டை வைத்து ஏமாற்றுகிறது என்றும், சந்தேகம் இருந்தால் எங்கள் கோர்ட்டை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் முடித்திருந்தார். கடைசி வரி அவராகச் சேர்த்தது.

பத்து நாளில் பதில் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலைப் பலகாரத்தின்போது அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு அளவு அதிகாரி வர்றாராம். முதல்ல நம்ம கோர்ட். அப்புறம் அவங்களது." கடிதத்தை மடித்தார். "வரட்டும். அளவுன்னா என்னன்னு பார்த்துட்டுப் போகட்டும்."

தையல்காரம்மா ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி விரலில் இறங்கியது. பதினெட்டு வயதுக்குப் பிறகு அவள் விரலில் ஊசி ஏறியது அன்றைக்குத்தான்.

அவர் கடைத்தெருவுக்குப் போனதும் கோர்ட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அந்தப் பட்டையைக் கொண்டா தம்பி. நூல் போயிருக்கும்."

"போகலையே அக்கா. கல்லு மாதிரி இருக்கு."

"கொண்டான்னா கொண்டா."

கொண்டுவந்தார். கித்தானில் ஒருதடவை ஊசி இறங்கினால் ஓட்டை மூடாது. முதன்முதலில் தைத்த ஓட்டை வரிசை வெளியே அப்படியே இருந்தது. அங்கிருந்து உள்ளே உள்ளே ஏழு வரிசை. சிவப்பு நூலைப் பிரித்துவிட்டு முதல் வரிசையிலேயே திருப்பித் தைத்தாள். செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்காரர் புது மண் தூவி, உருளை ஓட்டி, கோடு போட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அக்கா, கோடு தள்ளிப் போகுதே. ஒரு முழம் இருக்கும்."

"துணி சுருங்கியிருந்தது. நனைச்சு இழுத்துட்டேன். இப்பதான் சரி."

"துணின்னா சுருங்கத்தான் செய்யும்" என்று அவர் போய்விட்டார். அவர் நல்ல மனிதர்.

அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் தையல்காரம்மா நினைத்தாள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு முத்திரை சார் கிளப்பிலிருந்து வந்து, மட்டையைக்கூட இறக்கி வைக்காமல் துணி கொடுக்க வருகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தார். பல் டாக்டரோடு ஆடியிருக்கிறார். ஆறு-ஒன்று, ஆறு-பூஜ்யம். டாக்டருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்ததாம். ஆனால் முப்பத்தெட்டு வயதில் வாங்கும் மூச்சு வேறு.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார். "போன வாரம் எட்டின பந்து இந்த வாரம் எட்டலை. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாமே. நாலு எட்டு வச்சா போதுங்கற இடத்துக்கு அஞ்சு எட்டு ஆகுது. ஒரே வாரத்துல ஏழு வயசு கூடிப்போச்சு."

ஏழு. மனிதர் அளவில் எப்போதும் சரியாக இருப்பார்.

"வயசானா நிறுத்திக்கறதுதானே" என்றாள் மெல்ல. இதைச் சொல்லத்தான் அவருடைய முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரும் அவளும் ஏழு வருடமாகச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வயசுன்னா கொஞ்சம் கொஞ்சமா வரணும். இது வியாதி."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். இதயத்தைப் பார்த்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். வயசுக்கு நல்லாவே இருக்கீங்க என்று அனுப்பிவிட்டார்கள். கண்டுபிடிக்க முடியாத வியாதி என்று அவர் முடிவு செய்துகொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பீரோவைத் திறந்து அவளைக் கூப்பிட்டார். எந்தக் கோப்பில் என்ன காகிதம், கேஸ் கம்பெனிக்கு யார் பெயரில் எழுத வேண்டும், அவருக்குப் பிறகு பென்ஷனுக்கு எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வலது கை மட்டும் பீரோவின் மேல் தட்டை நோக்கி நீண்டு, எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கியது.

அவளால் அதற்குமேல் முடியவில்லை. சொன்னால் ஏழு கோப்பையும் போகும், தம்பிக்கு எழுதிய மாதிரி தனக்கும் சீட்டு எழுதுவார், அப்புறம் எத்தனை வருடம் முகம் பார்க்காமல் இருப்பாரோ. சொல்லாவிட்டால் இந்த மனிதர் ஒன்றுமில்லாததற்குச் செத்துப்போக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "கோர்ட்டுதான் பெரிசாச்சு. வாங்க."

அன்று காலைதான் அதிகாரிக்குக் காட்ட என்று கோர்ட்டுக்காரர் பட்டையைத் துவைக்கக் கொடுத்திருந்தார். அவள் அதை மேஜையில் விரித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். சிவப்பு நூலைப் பார்த்தார். அதிலிருந்து உள்ளே வரும் ஊசி ஓட்டைகளை விரலால் தடவினார். ஒன்று, இரண்டு என்று ஏழுவரைக்கும் எண்ணினார். அவளுடைய டேப்பை எடுத்து வரிசைக்கு வரிசை அளந்தார்.

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"ஏழு வருஷமும்?"

"ஏழு வருஷமும் நான்தான். அன்னிக்கு மூணு வாரம் இந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்துக்கிட்டிருந்தீங்களே, என்னால அதைப் பார்க்க முடியலை."

அவர் பட்டையைச் சுருட்டினார். ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினார். மேஜை டிராயரில் தேடி ஒரு காகிதம் எடுத்துத் தேதி, நேரம், பொருள், குறைவு எவ்வளவு என்று எழுதினார். "சாட்சிக் கையெழுத்துப் போடு" என்றார். வேறு ஆள் இல்லை. அவளே போட்டாள். பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். தம்பி நாலு வருடம் பேசாமல் இருந்தான், இவர் எத்தனை வருடமோ என்று நினைத்துக்கொண்டே அவள் மிச்ச காஜாக்களை எடுத்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை. சனிக்கிழமை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருந்தது.

அளவு அதிகாரி ஏழு மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், பளபளவென்று எஃகு டேப். செயலாளர், பல் டாக்டர், கோர்ட்டுக்காரர், பத்து இருபது உறுப்பினர்கள். முத்திரை சார் துணிப்பையோடு நின்றார். தையல்காரம்மா வேலிக்கு வெளியே தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வேலை எதுவும் இல்லை.

அதிகாரி நீளம் அளந்தார், அகலம் அளந்தார். "அளவு சரி" என்று எழுதினார். செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். அதிகாரி டேப்பைச் சுருட்டும்போது ஷூ நுனியால் மண்ணைக் கிளறினார். அடியில் வெள்ளை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கிளறினார். கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே இன்னொரு கோடு.

"இது என்ன?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கோர்ட்டுக்காரர் நிமிர்ந்து வேலிப் பக்கம் பார்த்தார். தையல்காரம்மா எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

முத்திரை சார் அவளை ஒரு பார்வை பார்த்தார். கடைகளில் தராசைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே பேச வருகிறவர்களைப் பார்க்கும் பார்வை. அவள் அப்படியே நின்றாள்.

"அது பழைய கோடு" என்றார் அவர். "போன வாரம் வரைக்கும் நாம ஆடினது அதுலதான். பட்டையைக் குறைக்கச் சொன்னது நான். எனக்கு ஓட முடியலை. ஏழு வருஷமா." பையை நீட்டினார். "பட்டை இதுக்குள்ள இருக்கு. சீட்டும் இருக்கு."

செயலாளர் பையை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களா சார்?" என்றார் செயலாளர்.

"நான்தான்."

"அப்ப அந்த ஏழு கோப்பையும்?" என்றார் பல் டாக்டர்.

"உங்களுது. சாயங்காலம் கொண்டுவந்து தர்றேன்."

டாக்டர் விரல்விட்டு எண்ணினார். "வீட்டுல வைக்க இடமில்லையே சார்" என்றார்.

அதிகாரி அன்றைய தேதிக்கு அளவு சரிதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார். கூட்டம் கலைந்தது. வழக்கமாக முத்திரை சாரின் தோளைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் அன்று சுற்றி வளைத்து வேறு வழியாகப் போனார்கள். அடுத்த திங்கட்கிழமை பெயிண்டர் வந்து பலகையில் ஏழு வரியை வெள்ளையடித்து மறைத்தார். கிளப்பில் அந்த ஒரு முடிவு மட்டும் கூட்டம் இல்லாமலே எடுக்கப்பட்டது.

இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். மடக்கு நாற்காலியை அவர் வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு வழக்கம் அவருக்குக் கிடையாது. பாதித் தெரு வந்த பிறகுதான் அவள் ஆரம்பித்தாள்.

"என் தம்பியை விடலை நீங்க. ஐம்பது கிராமுக்கு."

"விடலை."

"இன்னிக்குப் பொய் சொன்னீங்க."

"சொன்னேன்." நாற்காலியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "நாளைக்கு உன் தம்பி கடைக்குப் போகலாம். எனக்கு அவன்கிட்ட கொஞ்சம் பேசணும்."

அவளுக்கு அழுகை வந்தது. தெருவில் அழுதால் நன்றாக இருக்காது என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் துணி கொடுக்க வருகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பாபினில் நூல் இருக்கிறதா என்று பார்த்தாள். போட்டிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"இந்த வருஷம் எவ்வளவு தள்ளித் தைக்கறதா இருந்தே?"

"இப்ப எதுக்குங்க அது?"

"சொல்லு."

அவள் பாபினைக் கீழே வைத்தாள். "மூணு."

"மூணா?" அவர் வலது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். "ரெண்டரை போதாதா?"

"போதாதுங்க."

அவர் டேப்பை எடுக்கவில்லை. தலையை ஆட்டினார். மட்டையை உறையில் போட்டு, பிரித்துத் தைப்பதற்காக மூலையில் குவிந்திருந்த துணிகளின் மேல் வைத்துவிட்டு, கைகால் கழுவப் போனார்.